தள்ளுபடி ஆகும் என்று தெரிந்தே போட்ட மனுக்கள்: சிலியில் ஒரு தொண்டு அமைப்பு மனித உரிமையைக் காத்த கதை

(திரையில்: சான்டியாகோ நகரம், 1973. புகை எழும் அதிபர் மாளிகை.)

வணக்கம். 1973 செப்டம்பர் 11 அன்று சிலி நாட்டின் தலைநகர் சான்டியாகோவில், சொந்த நாட்டு விமானப்படையே அதிபர் மாளிகைமீது குண்டு வீசியது. தேர்தலில் வென்று அதிபரான சால்வடோர் அயெந்தே அன்றே இறந்தார். ஜெனரல் அகுஸ்தோ பினோசே தலைமையில் ராணுவக் குழு ஆட்சியைப் பிடித்தது. நாடாளுமன்றத்தைக் கலைத்தார்கள். இடதுசாரிக் கட்சிகளைத் தடை செய்தார்கள். தேசிய விளையாட்டு அரங்கைச் சிறையாக்கி, ஆயிரக்கணக்கானவர்களை அடைத்து வைத்தார்கள்.

ஆனால் நீதிமன்றங்களை மட்டும் மூடவில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இனி வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

(திரையில்: வரிசையில் காத்திருக்கும் பெண்கள்.)

அடுத்த மாதமே கத்தோலிக்கர்கள், லூத்தரன் சபையினர், மெதடிஸ்டுகள், யூதர்கள் எல்லோரும் சேர்ந்து 'அமைதிக்கான குழு' என்ற ஒன்றைத் தொடங்கினார்கள். வேலை இழந்தவர்களுக்கு உதவி, பசித்த பிள்ளைகளுக்குச் சாப்பாடு என்று வழக்கமான தொண்டு வேலைகளைத்தான் செய்தார்கள். ஆனால் சாப்பாடு கேட்டு வந்த பெண்களோ கணவனையும் மகனையும் பற்றிக் கேட்டார்கள். ராத்திரி வந்து கூட்டிப்போனார்கள், எங்கே என்று யாரும் சொல்லவில்லை என்றார்கள்.

குழுவின் பணியாளர்கள் ஒவ்வொருவரையும் உட்காரவைத்துக் கேட்டு எழுதினார்கள். எத்தனை மணிக்கு வந்தார்கள்? சீருடையில் வந்தார்களா? என்ன வண்டி? பக்கத்து வீட்டில் யார் பார்த்தது? அதை வைத்து வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்தைக் கேட்கும். 'அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவில்லை' என்று பதில் வரும். மனு தள்ளுபடி. இப்படி ஆயிரக்கணக்கான மனுக்கள் போயின. ஏற்கப்பட்டவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அப்புறம் எதற்காகத் திரும்பத் திரும்பப் போட்டார்கள்? சில நேரம் ஒரு உயிர் தப்பும். பெயர் நீதிமன்றத்தில் பதிவாகிவிட்டது என்று தெரிந்தால், பிடித்து வைத்தவர்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். இன்னொன்றும் உண்டு. எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஒவ்வொரு தள்ளுபடியும் தேதியும் முத்திரையும் உள்ள ஒரு காகிதத்தை விட்டுச்சென்றது. அரசு சொன்ன பொய், அரசின் எழுத்திலேயே பதிவானது.

1975 கடைசியில் பினோசே நெருக்கியதால் அந்தக் குழுவை மூட வேண்டிவந்தது. சான்டியாகோவின் கத்தோலிக்கப் பேராயர் கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் மூடினார். ஆனால் 1976 ஜனவரியில் அதே வேலைக்காக மறைமாவட்டத்துக்குள்ளேயே ஒரு அலுவலகம் திறந்தார். அதன் பெயர் 'விக்காரியா த லா சொலிதாரிதாத்', அதாவது தோழமைக்கான திருச்சபை அலுவலகம். இடம், பேராலயத்தை ஒட்டிய கட்டடம். பல சபைகள் சேர்ந்த குழுவைக் கலைக்கச் சொல்வது எளிது; திருச்சபையின் சொந்த அலுவலகத்தைக் கலைக்க வேண்டுமானால் திருச்சபையோடே மோத வேண்டும். கத்தோலிக்க நாட்டில், தன்னைக் கிறிஸ்தவ அரசு என்று சொல்லிக்கொண்ட ஆட்சிக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

(திரையில்: லோன்கென் மலையடிவாரம், பழைய சுண்ணாம்புக் காளவாய்கள்.)

1975-ல் சிலி அரசு ஐ.நா.வில் ஒரு விளக்கம் கொடுத்தது. காணாமல்போனதாகச் சொல்லப்படும் பலர் சட்டப்படி இருந்ததற்கே ஆதாரம் இல்லையாம்! அந்த வீட்டுப் பெண்கள் இதைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும்?

1978 நவம்பரில், லோன்கென் என்ற இடத்தில் கைவிடப்பட்ட காளவாய்க்குள் உடல்கள் கிடப்பதாக விக்காரியாவுக்குத் தகவல் வந்தது. அவசரப்பட்டு அறிவிக்கவில்லை. நம்பிக்கையான சிலரை அனுப்பி, கண்ணால் பார்த்து உறுதிசெய்த பிறகு நேரே உச்ச நீதிமன்றத் தலைவரிடம் போனார்கள். கிடைத்தவை 15 பேரின் எச்சங்கள். 1973 அக்டோபரில் இஸ்லா த மைப்போவில் போலீஸ் பிடித்துப்போனவர்கள் அவர்கள். ஒரே வீட்டைச் சேர்ந்த அப்பாவும் நான்கு மகன்களும் அதில் இருந்தார்கள். காணாமல் ஆக்கப்பட்டோர் எங்கோ உயிரோடு இருக்கிறார்கள் என்ற பேச்சு அன்றோடு முடிந்தது.

இந்த வேலைக்கு விலை இருந்தது. 1985 மார்ச்சில், விக்காரியாவின் ஆவணப் பிரிவைப் பார்த்துக்கொண்ட ஹோசே மனுவேல் பராதாவை ஒரு பள்ளி வாசலில் வைத்துக் கடத்தினார்கள். மறுநாள் அவரும் இன்னும் இருவரும் கழுத்து அறுக்கப்பட்டுக் கிடந்தார்கள். செய்தவர்கள் போலீஸ்காரர்கள். போலீஸ் படைத் தலைவரே பதவி விலக வேண்டிவந்தது. கோப்புகளைப் பார்த்துக்கொண்டவரைக் கொன்றார்கள் என்றால், அந்தக் கோப்புகளுக்கு எவ்வளவு பயந்திருப்பார்கள்!

1989-ல் ராணுவ வழக்கறிஞர் ஒருவர், விக்காரியாவில் சிகிச்சை பெற்றவர்களின் மருத்துவக் குறிப்புகளைக் கேட்டார். அப்போது விக்காரியாவின் தலைவராக இருந்த ஆயர் செர்ஹியோ வலேக் தர முடியாது என்று மறுத்துவிட்டார்.

(திரையில்: 1988 வாக்கெடுப்பு, 1990 பதவியேற்பு.)

1988 வாக்கெடுப்பில் மக்கள் பினோசேயை நிராகரித்தார்கள்; 1990 மார்ச்சில் குடியாட்சி திரும்பியது. ராணுவ ஆட்சியில் கொல்லப்பட்டவர்களையும் காணாமல் ஆக்கப்பட்டவர்களையும் பற்றி விசாரிக்கப் புதிய அரசு அமைத்த ரெட்டிக் ஆணையம் ஒன்பதே மாதத்தில் அறிக்கையை முடித்தது. அத்தனை வேகம் எப்படி? பெரும்பகுதி ஆதாரம் விக்காரியாவின் அலமாரிகளில் ஏற்கனவே தயாராக இருந்தது. 2,279 பேர் பலியானதை ஆணையம் உறுதிசெய்தது. 1992 முடிவில் விக்காரியா தன் கதவை மூடியது. ஆவணங்கள் ஒரு அறக்கட்டளைக்குப் போயின. பின்னாளில் சித்திரவதை பற்றி விசாரித்த ஆணையத்துக்குத் தலைமை ஏற்றவர் அதே ஆயர் வலேக்.

சரி, தண்டனை? 1978-ல் ராணுவம் தனக்குத்தானே ஒரு மன்னிப்புச் சட்டம் போட்டுக்கொண்டது. 1973 முதல் 1978 மார்ச் வரை நடந்த குற்றங்களுக்கு வழக்கு கிடையாது. இங்கேதான் பழைய மனுக்களுக்கு உயிர் வந்தது. ஒருவரைக் கடத்தியது நிரூபணமாகியிருக்கிறது, உடலோ கிடைக்கவில்லை. அப்படியென்றால் அந்தக் கடத்தல் இன்னும் முடியவே இல்லை, 1978-ல் நிற்கும் மன்னிப்பு அதற்குப் பொருந்தாது என்று வழக்கறிஞர்கள் வாதிட்டார்கள். 1975 ஜனவரியில் பிடித்துச் செல்லப்பட்ட ஒரு தையல்காரர் வழக்கில், 2004 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்றது. ரகசியப் போலீஸ் தலைவராக இருந்த மனுவேல் கொன்த்ரேராஸ் சிறைக்குப் போனார்.

2023 ஆகஸ்டில் சிலி அரசு தேசியத் தேடுதல் திட்டத்தை அறிவித்தது. இன்னும் கிடைக்காதவர்கள் ஆயிரத்துக்கும் மேல். அதுவரை தேடும் பொறுப்பைச் சுமந்தது குடும்பங்களும் அவர்களோடு நின்ற இப்படிப்பட்ட அமைப்புகளும்தான். 50 ஆண்டு கழித்து அரசு அதைத் தன் கடமை என்று ஏற்றுக்கொண்டது.