தச்சர் மகன் செய்த தறி

நேயர்களுக்கு வணக்கம். நான் திருபுவனத்தில் தறி ஆசாரி வீட்டில் பிறந்தவன். பட்டு நெய்கிறவர்களைப் பற்றி நிறையப் பேர் பேசியிருக்கிறார்கள். தறி செய்கிறவர்களைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அதை ஜப்பானில் ஒரு தச்சர் வீட்டிலிருந்து தொடங்குகிறேன்.

சாகிச்சி டொயோடா 1867-ல் பிறந்தார். அம்மா கைத்தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர், 1890-ல் ஒரு மரத்தறி செய்தார். பண்ணையை, அதாவது நெய்த இழையை அடித்து நெருக்கும் சட்டத்தை, ஒரு கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் போதும், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா தானே ஓடும். அப்புறம் விசைத்தறிக்குப் போனார்.

விசைத்தறியில் ஒரு சங்கடம் உண்டு. கைத்தறியில் இழை அறுந்தால் நெசவாளரின் கைக்கு உடனே தெரிந்துவிடும். இயந்திரத்துக்கு அது தெரியாது. அறுந்த இழையோடு ஓடிக்கொண்டே இருக்கும், துணி பழுதாகும். அதனால் பக்கத்திலேயே ஓர் ஆள் கண்கொட்டாமல் நிற்க வேண்டும். 1924-ல் வந்த டொயோடாவின் ஜி வகைத் தானியங்கித் தறி இதற்கு வழி கண்டது. நெடுக்கே ஓடும் பாவு இழை ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய தகடு தொங்கும். இழை அறுந்தால் தகடு விழும், தறி நின்றுவிடும். குறுக்கு நூலான ஊடை தீரப்போனால், ஓட்டம் நிற்காமலே புது நாடா வந்து உட்காரும். ஒரே ஆள் பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. எனக்கு அந்தத் தகடுதான் பெரிய அதிசயம். நெசவாளரின் விரல் நுனியில் இருந்த உணர்வு இரும்புக்கு வந்துவிட்டதே!

1926-ல் கரியா என்ற ஊரில் குடும்பத்தின் தறி செய்யும் ஆலை எழுந்தது. 1929-ல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனியே அந்தத் தறியின் காப்புரிமையை விலைக்கு வாங்கியது. விசைத்தறி பிறந்த நாட்டுக்காரர்கள் அவர்கள்! மறு வருடம் சாகிச்சி காலமானார். மகன் கீச்சிரோ 1933-ல் அதே ஆலைக்குள் கார் பிரிவைத் தொடங்கினார். ஆமாம், நம் ஊர்க் கல்யாணங்களுக்கு வந்து நிற்கும் டொயோட்டா கார்தான்.

சரி, திருபுவனத்துக்கு வருகிறேன். கோர்வை போட்ட, அதாவது உடலையும் கரையையும் வேறு வேறு நூலால் கோத்து நெய்த, முகூர்த்தப் புடவைக்கு மூன்று நாடா வேண்டும், மனிதக் கை வேண்டும். எங்கள் தெருவில் ஓர் அம்மாள் முழங்கால் வலியால் மிதிக்க முடியாமல் தறியை மூடிவிட நினைத்தார். அப்பா தறிக்குழியில் இறங்கி, அவர் கால் எட்டும் அளவைப் பார்த்து, மிதிகட்டையை இழைத்து மாட்டினார். சரிவரவில்லை. மூன்று முறை கழற்றி மாட்டினார். நாலாம் நாள் விடியற்காலையில் அந்தத் தறிச் சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது.