சிஎஸ்ஆர் நிதி கேட்கப் போகிறீர்களா? சம்பளத்தை மறைக்காதீர்கள்

வணக்கம் மக்களே. கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்தில், நான்குவழிச் சாலை ஓரமாக நின்று பேசுகிறேன். ஆனிக் காற்று அடிக்கிறது, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் சின்னதாக ஒரு டிரஸ்ட் வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கோ முதியவர்களுக்கோ ஏதோ செய்துவருகிறவர்களுக்காக இந்த வீடியோ. கம்பெனி அறக்கட்டளைகளிடம் நிதி கேட்பது எப்படி என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். நம் திருநெல்வேலி மாவட்டத்திலும் தென்காசியிலும் சில அமைப்புகளுக்கு விண்ணப்பம் எழுத உதவி வருகிறேன். அதில் பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில், இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டம், 135ஆம் பிரிவு. 2014 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றை முந்தைய நிதியாண்டில் எட்டிவிட்ட கம்பெனி, கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவு செய்தாக வேண்டும். இதைத்தான் சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு என்கிறோம். செலவு செய்யாவிட்டால் அந்தப் பணத்தை அரசு சொல்கிற நிதிக்கு மாற்ற வேண்டும், மாற்றாவிட்டால் அபராதம். அதனால் கேட்கப் போகும்போது கூனிக் குறுகிப் போக வேண்டாம். உங்களுக்குப் பணம் தேவைப்படுவது போலவே, ஒழுங்காக வேலை செய்து கணக்குக் காட்டுகிற ஆள் அவர்களுக்கும் தேவை.

அந்தப் பிரிவிலேயே இன்னொரு வரி இருக்கிறது. கம்பெனி எங்கே இயங்குகிறதோ அந்த உள்ளூருக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்கிறது. இங்கே வந்து நின்று பேசுவதற்கு அதுதான் காரணம். நம் ஆட்கள் மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கிற பெரிய பெயர்களுக்கு மெயில் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கிடக்கிறார்கள். கங்கைகொண்டானில் சோலார் தொழிற்சாலையும் டயர் தொழிற்சாலையும் இருக்கின்றன. தாழையூத்தில் சிமெண்ட் ஆலை. ராதாபுரம், பணகுடி பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலை. கூடங்குளத்தில் இருப்பது பொதுத்துறை நிறுவனம், அதற்கும் இந்தச் சட்டம் உண்டு. உங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் போய்த் திரும்புகிற தூரத்தில் யார் இருக்கிறார்கள் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள்.

முடிவெடுக்கிற அலுவலகம் சென்னையிலோ மும்பையிலோ இருக்கலாம். ஆனால் இங்கே இருக்கிற ஹெச்ஆர் அதிகாரி ‘இவர்களை எனக்குத் தெரியும், வேலையை நேரில் பார்த்தேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் உங்கள் விண்ணப்பம் படிக்கப்படும். அவரைப் பணம் கேட்பதற்கு முன்பே ஒருநாள் வந்து பார்க்கச் சொல்லி அழையுங்கள்.

எந்தக் கம்பெனி எதற்குச் செலவு செய்கிறது என்பதை யாரிடமும் கெஞ்சிக் கேட்க வேண்டியதில்லை. கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர் தளத்தில் கம்பெனி வாரியாக, மாநில வாரியாகக் கணக்கு இருக்கிறது. கம்பெனிக்கு இணையதளம் இருந்தால் சிஎஸ்ஆர் கொள்கையையும் ஒப்புதல் கொடுத்த திட்டங்களையும் அதில் போட வேண்டும் என்பது விதி. ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து அதைப் படித்துவிடுங்கள். ஆண்டுக்கு 50 லட்சம் ரூபாய்க்குள் செலவு செய்ய வேண்டிய கம்பெனிக்கு சிஎஸ்ஆர் கமிட்டி கட்டாயமில்லை, இயக்குநர் குழுவே முடிவு செய்யும். நம்மைப் போன்ற சின்ன அமைப்புகளுக்கு இந்த நடுத்தரக் கம்பெனிகள்தான் தோதானவை. முதலாளியை நேரில் பார்த்துப் பேசிவிட முடியும்.

எல்லா அறக்கட்டளையும் நிதி கொடுக்கிற அறக்கட்டளை இல்லை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சில, தாங்களே ஆள் வைத்து ஊருக்குள் இறங்கி வேலை செய்பவை. திருக்குறுங்குடி பக்கம் டிவிஎஸ் குழுமத்தின் ஸ்ரீனிவாசன் சர்வீசஸ் டிரஸ்ட் அப்படித்தான். அப்படிப்பட்டவர்களிடம் பணம் கேட்பதைவிட, அவர்கள் செய்கிற வேலையில் நம் ஊரையும் சேர்க்க முடியுமா என்று கேட்பதுதான் பொருத்தம்.

காகிதங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிரஸ்ட் பத்திரம், பான், வருமான வரித் துறையின் 12ஏ (டிரஸ்டுக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை) பதிவுகள், தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பதிந்த எண், மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கை. அப்புறம், கம்பெனி விவகார அமைச்சகத்திடம் உங்கள் அமைப்பைப் பதிவு செய்கிற சிஎஸ்ஆர்-1 படிவம். 2021 ஏப்ரல் முதல் இந்தப் பதிவு எண் இல்லாமல் எந்தக் கம்பெனியும் உங்களுக்கு சிஎஸ்ஆர் பணம் கொடுக்க முடியாது. ஆன்லைனில் போட்டு ஆடிட்டரின் டிஜிட்டல் கையெழுத்து வாங்க வேண்டும். டிரஸ்ட் ஆரம்பித்து மூன்று ஆண்டு ஆகவில்லை என்றால் நேரடியாக வாங்க வழியில்லை. பழைய, நம்பிக்கையான ஒரு அமைப்போடு சேர்ந்து வேலை செய்து அனுபவத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். பட்ஜெட்.

முக்கூடல் பக்கம் ஒரு கிராமத்தில் ஓர் அண்ணாச்சி ராத்திரி நேரப் படிப்பகம் நடத்துகிறார். பீடி சுற்றுகிற அக்காமாரின் பிள்ளைகள் நாற்பது பேர் வருகிறார்கள். அவர் எழுதிவைத்திருந்த விண்ணப்பத்தைக் காட்டினார். நோட்டு, புத்தகம், பை, மேசை, நாற்காலி, வெள்ளைப் பலகை, இரண்டு கம்ப்யூட்டர், எல்லாம் இருந்தது. பாடம் சொல்லிக் கொடுக்கிற பிள்ளையின் சம்பளம் மட்டும் இல்லை. ‘சம்பளம்னு போட்டா கம்பெனிக்காரன் தர மாட்டான்லா’ என்றார். நெல்லையில் எந்த அமைப்புக்குப் போனாலும் இதே வார்த்தையைக் கேட்கிறேன்.

அங்கே பாடம் எடுப்பவள் பி.எஸ்சி. கணிதம் முடித்த பெண். மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு, ஊர்ப் பிள்ளைகள் மேல் இருக்கிற பாசத்தில் வருகிறாள். நாளைக்குத் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் பத்தாயிரம் கொடுத்தால் போக மாட்டாளா? வீட்டு நிலைமைக்குப் போகத்தான் வேண்டும். அப்போது கம்ப்யூட்டர் இருக்கும், நாற்காலி இருக்கும், படிப்பகம் இருக்காது. இப்படிப் பூட்டிக்கிடக்கிற கட்டிடங்களை, சுவரில் கம்பெனி பெயர் மட்டும் பளிச்சென்று தெரிகிற கட்டிடங்களை, நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஆறுவதில்லை.

இந்தப் பயத்துக்கு ஒரு காரணம், ‘நிர்வாகச் செலவு 5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது’ என்கிற விதியைத் தப்பாகப் புரிந்துகொண்டது. அந்த 5 சதவீத வரம்பு கம்பெனிக்கு. தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்தும் பொது நிர்வாகச் செலவாக, அந்த ஆண்டின் மொத்த சிஎஸ்ஆர் செலவில் 5 சதவீதத்துக்கு மேல் கம்பெனி கணக்கு எழுதக் கூடாது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. படிப்பகத்தில் ஆசிரியர் சம்பளம் திட்டச் செலவு. அதை நிர்வாகச் செலவு என்ற தலைப்பில் எழுதினால்தான் பிரச்சினை. திட்டப் பணியாளர் ஊதியம் என்று எழுதுங்கள், அது உண்மையும்கூட.

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஆசிரியர்கள் இரண்டு பேர், மாதம் 8,000 வீதம், ஆண்டுக்கு 1,92,000. நாற்பது பிள்ளைகளுக்கு சுண்டலோ கடலையோ, ஒரு நாளைக்கு ஆளுக்கு 10 ரூபாய், 220 நாளுக்கு 88,000. நோட்டு, புத்தகம், பலகை 40,000. இடத்து வாடகையும் கரண்டும் மாதம் 2,000 வீதம் 24,000. கணக்கு எழுத, தணிக்கை செய்ய 25,000. மொத்தம் 3,69,000 ரூபாய். நாற்பதால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 9,225 ரூபாய். இந்தக் கடைசி எண்ணைத்தான் கம்பெனிக்காரர்கள் முதலில் பார்ப்பார்கள். சம்பளத்தை எடுத்துவிட்டால் எண் சின்னதாகத் தெரியும், ஆனால் பொய்யாகிவிடும். அனுபவம் உள்ள அதிகாரிக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும், பாடம் எடுப்பது யார் என்று கேட்பார்.

தேவையை எழுதுகிற இடத்திலும் இதே நேர்மைதான் வேண்டும். ‘பின்தங்கிய பகுதி, கல்வி வாய்ப்பு குறைவு’ என்று எழுதினால் அது எந்த ஊருக்கும் பொருந்தும். முக்கூடல் அண்ணாச்சியின் படிப்பகம் ராத்திரி ஏழரைக்குத்தான் ஆரம்பிக்கிறது. ஏன் அஞ்சு மணிக்கு இல்லை என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்குக் கூட்டிப்போனார். அந்த அக்கா மடியில் சுளகை (முறத்தை) வைத்து உட்கார்ந்திருக்கிறார். நனைத்த இலையைத் தகடு வைத்துக் கத்தரிக்கோலால் வெட்டுகிறார், தூளைப் போட்டுச் சுருட்டுகிறார், நூல் சுற்றுகிறார். கை நிற்கவே இல்லை. பக்கத்தில் ஏழாம் வகுப்புப் படிக்கிற மகள், பள்ளிச் சீருடையோடு, சின்னக் கத்தி முனையால் பீடியின் வாயை மடக்கிக்கொண்டிருக்கிறாள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. மறுநாள் கடையில் கொண்டு போய்க் கொடுக்கும்போது சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். மகள் கை கொடுத்தால்தான் எண்ணிக்கை தேறும். ஏழு மணிக்கு அம்மா சுளகை எடுத்து வைத்த பிறகுதான் அந்தப் பிள்ளைக்குப் புத்தகம்.

இதை அப்படியே எழுதச் சொன்னேன். வேறு எந்த அலங்காரமும் வேண்டாம். படிப்பகத்துக்கு ஏன் ராத்திரி நேரம், சுண்டல் ஏன் முக்கியம், பிள்ளைகளை வீட்டில் கொண்டுவிட ஏன் இன்னொரு ஆள் வேண்டும், எல்லாக் கேள்விக்கும் அந்த ஒரு பத்தியில் பதில் இருக்கிறது. அந்தப் பிள்ளையின் பெயரையும் முகத்தையும் மட்டும் போட வேண்டாம் என்றேன். பிள்ளைகள் கையில் கம்பெனி போர்டைக் கொடுத்துப் போட்டோ எடுப்பதும் எனக்கு உடன்பாடில்லை. சுவரில் ஒரு பலகை வைத்தால் போதும், கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

யாரிடம் வாங்க மாட்டோம் என்பதையும் முன்கூட்டியே பேசி முடிவெடுங்கள். பீடி சுற்றுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் புகையிலைக் கம்பெனியின் பணம் வேண்டுமா? தாமிரபரணித் தண்ணீரில் விவசாயம் செய்கிற ஊரில், ஆற்றைக் கெடுப்பதாக ஊரே சொல்கிற ஓர் ஆலையின் பணம் வேண்டுமா? நான் என்றால் வாங்க மாட்டேன். உங்கள் நிர்வாகக் குழு வேறு மாதிரி நினைக்கலாம், ஆனால் கூட்டம் போட்டுப் பேசி மினிட்ஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். காசோலை கைக்கு வந்த பிறகு அந்தப் பேச்சை ஆரம்பித்தால் குழுவே உடைந்துவிடும்.

இடைத்தரகர்களிடம் ரொம்பக் கவனம். ‘ஒரு கோடி சிஎஸ்ஆர் வாங்கித் தருகிறேன், பிராசஸிங் கட்டணம் கட்டுங்கள்’ என்பார்கள். நிஜமான அறக்கட்டளை உங்களிடம் முன்பணம் கேட்காது. இன்னும் சிலர், பணம் வந்ததும் ஒரு பங்கை ரொக்கமாகத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். அதற்கு ஒத்துக்கொண்டால் பொய்ப் பில் போட வேண்டும். பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட டிரஸ்டிதான் மாட்டுவார். பேச்சை அங்கேயே நிறுத்திவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

காலத்தையும் பாருங்கள். கம்பெனிகளின் நிதியாண்டு ஏப்ரலில் ஆரம்பிக்கிறது. ஜூன், ஜூலையில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தால் நிதானமாகப் படிப்பார்கள். ஜனவரிக்கு மேல் அவசரம் அவசரமாகச் செலவழிக்கப் பார்ப்பார்கள். அந்த நேரத்தில் பொருள் வாங்கிக் கொடுப்பது அவர்களுக்கு எளிது, ஆள் சம்பளம் ஒத்துவராது. படிப்பகம் மாதிரி வேலைக்கு ஓராண்டு நிதி கேட்காதீர்கள். தொடர் திட்டம் என்று ஒரு வகை விதியில் இருக்கிறது. தொடங்கிய நிதியாண்டு போக மேலும் மூன்று ஆண்டு வரை அது நடக்கலாம். மார்ச் 31க்குள் செலவாகாத பணத்தைக் கம்பெனி 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றிவைத்து, அதே திட்டத்துக்குப் பிறகு செலவழிக்கலாம். ‘இதைத் தொடர் திட்டமாக எடுத்துக்கொள்ள முடியுமா?’ என்று பேச்சின்போது கேட்டுப் பாருங்கள். இந்த வார்த்தை தெரிந்த அமைப்பு என்றால் அவர்கள் பேசுகிற விதமே மாறுகிறது.

பணம் தவணையாகத்தான் வரும். முதல் தவணைப் பணத்தை எதற்குச் செலவு செய்தோம் என்று காட்டுகிற பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுத்தால்தான் அடுத்தது. இரண்டு தவணைக்கு நடுவே இரண்டு மாதம் தாமதமானாலும் ஆசிரியர் சம்பளம் நிற்கக் கூடாது. அதனால் மூன்று மாதச் சம்பளம் அளவுக்கு உள்ளூர் நன்கொடையைத் தனியாகச் சேர்த்துவைத்த பிறகு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

அந்தச் சான்றிதழை எப்படித் தயார் செய்வது, பில்களை எப்படி அடுக்குவது என்று அடுத்த வீடியோவில் ஓர் ஆடிட்டரோடு உட்கார்ந்து காட்டுகிறேன். இப்போதைக்கு உங்கள் விண்ணப்பத்தை எடுத்து, பட்ஜெட் பக்கத்தில் சம்பளம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்று ராத்திரியே சேர்த்துவிடுங்கள். வரட்டுமா மக்களே, வணக்கம்.