கோடு ஒட்டலாம், கிராங்க்‌ஷாஃப்ட்டை ஒட்ட முடியுமா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து குடும்பத்தோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

இந்த அவையில் பாதிப் பேருக்குக் கார்தான் சோறு போடுகிறது. ஆகவே முன்னுரை தேவையில்லை. 'அடுத்து வரப்போகும் சிறப்புப் பதிப்பு மஸ்டாங்கில் ரசிகர்கள் பெரிதும் எதிர்பார்ப்பது எஞ்சினையா, தோற்றத்தையா?' என்பது தலைப்பு. எஞ்சினையே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். கார் முதலில் கண்ணில்தான் விழுகிறது என்றார். 1964-இல் மஸ்டாங் விற்றது அதன் முகத்துக்காகத்தான் என்றார். கடைசியாக, மின்சார மோட்டார் வந்துவிட்ட காலத்தில் எஞ்சினுக்கு என்ன மரியாதை என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கடைசிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் 1964.

அவர் சொன்னது உண்மைதான், நான் மறுக்கவில்லை. அந்த ஏப்ரலில் ஃபோர்டு வெளியிட்ட மஸ்டாங், ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் அடித்தளத்தில் கட்டியது. நீண்ட பானெட், குட்டையான பின்பகுதி. தொடக்க விலைக் காருக்குள் இருந்ததோ 101 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். முதல் பன்னிரண்டு மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. அழகுக்காகத்தான் வாங்கினார்கள். சரி. ஆனால் நடுவர் அவர்களே, நாம் சாதாரண மஸ்டாங்கைப் பற்றிப் பேச வரவில்லை, சிறப்புப் பதிப்பைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். அவ்வளவு அழகான கார் கையில் இருக்கும்போதே தனியாக ஒரு பதிப்பு எதற்குத் தேவைப்பட்டது?

பதில் 1965-இல் இருக்கிறது. பந்தய ஓட்டுநராக இருந்து கார் கட்டுபவராக மாறிய கரோல் ஷெல்பி அதே மஸ்டாங்கை எடுத்தார். 271 குதிரைத்திறன் தந்த 289 கன அங்குல, எட்டு சிலிண்டர் வி-8 எஞ்சினில் கார்புரேட்டரையும் அதைச் சுற்றியுள்ளவற்றையும் மாற்றி 306-க்குக் கொண்டுபோனார். பந்தய விதிக்காகப் பின் சீட்டைக் கழற்றினார். ஜிடி350 என்று பெயர் வைத்தார். அந்த ஆண்டுக் கார்கள் எல்லாம் ஒரே வெள்ளை, கதவுக்குக் கீழே ஒரு நீலக் கோடு. இன்றைக்கு ஷெல்பி என்றதும் நம் கண் முன்னால் வருகிற, நடுமுதுகில் ஓடும் அந்த இரட்டை நீலக்கோடு இருக்கிறதே, அது அன்றைக்குக் கட்டாயம் கூடக் கிடையாது. வேண்டுமென்றால் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான். வேண்டாம் என்று பலர் வாங்கிப் போனார்கள். எஞ்சினை வேண்டாம் என்று சொல்லி யாரும் ஷெல்பி வாங்கவில்லை.

அப்புறம் போட்டிக் கம்பெனியைப் பார்ப்போம். ஷெவ்ரோலேயின் 1969 கேமரோ இசட்எல்1. முழுக்க அலுமினியத்தில் வார்த்த 427 கன அங்குல எஞ்சின், பந்தயத்துக்கு என்றே பிறந்தது. இல்லினாயில் லாஹார்ப் என்ற சிற்றூரில் ஷெவ்ரோலே டீலராக இருந்த ஃப்ரெட் கிப், கம்பெனியின் தனி ஆர்டர் முறையைப் பயன்படுத்தி ஐம்பது கார் கேட்டார். மொத்தம் செய்தது 69. அந்தக் காரை வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. கோடு கிடையாது, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லும் பேட்ஜ் கிடையாது, எஃகுச் சக்கரத்தில் சின்ன மூடி. தெருவில் ஓரமாக நிறுத்தியிருந்தால் பள்ளிக்கூட வாத்தியாரின் கார் என்று நினைத்து நாம் கடந்து போயிருப்போம். எஞ்சினுக்கு மட்டும் 4,000 டாலருக்கு மேல் கூடுதல் விலை. காரின் விலையே இரட்டிப்புக்கு மேல் போனது. அதனால் அன்றைக்குச் சில கார்கள் விற்காமல் நின்றன, இதை எதிரணி சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் இன்று மஸில் கார், அதாவது பெரிய எஞ்சின் போட்ட அமெரிக்கக் கார், சேகரிப்பவரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள். கேமரோக்களிலேயே எதைக் கண்டால் குரல் தாழ்ந்துவிடுகிறது என்று. அலங்காரமே இல்லாத இந்த 69 கார்களைக் கண்டால்தான்.

இப்போது எதிரணிக்கு மிகவும் பிடித்த காருக்கு வருகிறேன். மஸ்டாங்கின் பாஸ் 302 பதிப்பு. கறுப்புக் கோடு, முன்னால் காற்றை அழுத்தும் ஸ்பாய்லர், பின் கண்ணாடியில் பலகைத் தடுப்பு என்று வர்ணித்தார்கள். வடிவமைத்த லாரி ஷினோடாவைப் புகழ்ந்தார்கள். நானும் புகழ்கிறேன். ஆனால் ஷினோடா அந்தக் காரில் என்ன செய்தார் என்பதைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். 1969 மஸ்டாங்கின் பின்சக்கரத்துக்கு மேலே பக்கவாட்டில் காற்றுத் துளை மாதிரி ஒன்று இருக்கும். காற்று உள்ளே போகாது. வெறும் பொய்த் துளை. ஷினோடா முதலில் அதை அகற்றினார். நடுவர் அவர்களே, நாம் கொண்டாடும் அந்தத் தோற்றம் பொய்யைக் கழித்ததால் வந்த தோற்றம்!

அந்தக் காரே ஏன் பிறந்தது? டிரான்ஸ்-ஆம் பந்தயத்தில் ஐந்து லிட்டருக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது விதி. பந்தயத்தில் ஓட்டுவதைப் பொதுமக்களுக்கும் விற்க வேண்டும் என்பது இன்னொரு விதி. ஷெவ்ரோலே 1967-லேயே இசட்/28 கேமரோவோடு அங்கே இறங்கியிருந்தது. அதை முந்த ஃபோர்டு 302 கன அங்குலத்துக்குள் பெரிய வால்வு கொண்ட புது சிலிண்டர் தலையை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் பாகத்தை, வைத்தது. 290 குதிரைத்திறன் என்று காகிதத்தில் எழுதியது. 1970-இல் பார்னெல்லி ஜோன்ஸ் முன்னின்று ஓட்ட, டிரான்ஸ்-ஆம் பட்டம் ஃபோர்டுக்கு வந்தது. எஞ்சின் இல்லை என்றால் அந்தக் கோட்டுக்கு வேலையே இல்லை.

அதன் அண்ணன் பாஸ் 429 இன்னும் பெரிய சாட்சி. நாஸ்கார் பந்தயத்துக்கான ராட்சத எஞ்சின், மஸ்டாங்கின் முன்பகுதிக்குள் நுழையவே இல்லை. என்ன செய்தார்கள்? எஞ்சினைச் சின்னதாக்கவில்லை. மிச்சிகனில் பிரைட்டனில், நாம் இப்போது உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து அதிக தூரமில்லை, கார் கிராஃப்ட் என்ற பட்டறையில் காரின் சஸ்பென்ஷன் தாங்கிகளை வெளிப்பக்கம் தள்ளி அமைத்தார்கள். பேட்டரிக்கு இடமில்லை என்று பின்னால் டிக்கியில் கொண்டுபோய் வைத்தார்கள். ஏ.சி. கேட்டாலும் கிடைக்காது, அதற்கும் இடமில்லை. உடம்பையே எஞ்சினுக்காக மாற்றிக் கட்டினார்கள். ஒரு கோட்டுக்காக எந்தக் கம்பெனியாவது இப்படிக் காரின் எலும்பை நகர்த்தியிருக்கிறதா? எதிரணி ஒரே ஒரு பெயரைச் சொல்லட்டும், நான் உட்கார்ந்துவிடுகிறேன்.

தோற்றம் மட்டும் வந்து எஞ்சின் வராத காலமும் இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். 1970-களில் புகைக் கட்டுப்பாடு, காப்பீட்டுக் கட்டணம், எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து எஞ்சின்களை முடக்கின. 1976-இல் மஸ்டாங் கோப்ரா II வந்தது. ஷெல்பி மாதிரியே வெள்ளையில் நீலக்கோடு, பானெட்டில் மேடு, பின்னால் ஸ்பாய்லர். அடிப்படை விலைக்கு வாங்கினால் உள்ளே நான்கு சிலிண்டர். 1978-இல் கிங் கோப்ரா. பானெட் முழுக்கப் பெரிய நாகத்தின் படம். அதில் வி-8 இருந்தது, 139 குதிரைத்திறனோடு. அன்றைய பொறியாளர்களை நான் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கை கட்டப்பட்டிருந்தது. ஆனால் தோற்றம்தான் ரசிகனின் பெரிய எதிர்பார்ப்பு என்றால், வரலாற்றிலேயே கோடும் படமும் அதிகம் போட்ட அந்தக் கார்கள் அல்லவா சிறப்புப் பதிப்புகளின் உச்சமாக இருக்க வேண்டும்? இந்த அவையில் யாராவது சுவரில் கிங் கோப்ரா படத்தை மாட்டியிருக்கிறீர்களா?

பாஸ் என்ற பெயர் 2012-இல் திரும்பி வந்தது. இந்தக் கார் எனக்கு ரொம்பப் பிடித்தது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆண்டு சாதாரண மஸ்டாங் ஜிடியில் 412 குதிரைத்திறன். அதே ஐந்து லிட்டர் எஞ்சினை எடுத்து, காற்று போகும் வழியைக் குட்டையாக்கி, தலையில் துளைகளைக் கடைந்து, வலுவான கனெக்டிங் ராடு போட்டு, 444-க்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்று வரை போகும். இதற்காகக் கீழ்ச் சுற்றில் கிடைக்கும் இழுவிசையைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தார்கள், தெரிந்தே. பின்சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பக்கமும் கூடுதலாக ஒரு எக்ஸாஸ்ட் குழாய், அதற்குள் ஒலியை அடக்கும் ஒரு சின்னத் தகடு. தகட்டைக் கழற்றினால் அடக்கம் போய்விடும். அப்புறம் ஒரு சிவப்புச் சாவி. வாங்கியவர் விரும்பினால் டீலர் அதைச் செயல்பட வைப்பார். சாதாரணச் சாவி போட்டால் வேலைக்குப் போகிற கார். சிவப்புச் சாவி போட்டால் எஞ்சினின் கணினிக்குள் வேறு நிரல் ஓடும். நின்ற இடத்திலேயே பந்தயக் கார் மாதிரி விட்டுவிட்டு உறுமும். ஒரு காருக்கு இரண்டு குணம், இரண்டும் எஞ்சினில். ஆரஞ்சு வண்ணமும் கோடும் அதற்குப் பிறகுதான்.

அடுத்து ஜிடி350, 2016 மாடல். வழக்கமான அமெரிக்க வி-8-இல், பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட்டின் முனையில் நின்று பார்த்தால் பிஸ்டன் கம்பிகள் பிடிக்கும் இடங்கள் கூட்டல் குறியாகத் தெரியும். ஜிடி350-இல் அவை ஒரே தட்டில், நேர் எதிரெதிராக. இதனால் இரண்டு பக்கச் சிலிண்டர்களும் மாறி மாறி ஒரே சீராக வெடிக்கும். எடை குறையும், எஞ்சின் சட்டென்று ஏறும். அதிர்வு கூடும், அதையும் ஏற்றுக்கொண்டார்கள். 5.2 லிட்டர், 526 குதிரைத்திறன், 8,250 சுற்று. ஆகஸ்ட் மாதம் வுட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் ஊர்வலமாக வருமே, அங்கே ஒரு கோடையில் நானும் மகளும் நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். நூறு காருக்கு நடுவிலிருந்து அந்தச் சத்தம் எழுந்தது. கார் இன்னும் கண்ணுக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். கார் முதலில் கண்ணில்தான் விழுகிறது என்று எதிரணித் தலைவர் சொன்னாரே, ஐயா, அன்றைக்கு அது முதலில் காதில் விழுந்தது!

இனி மின்சாரக் கேள்வி. டாட்ஜ் கம்பெனி 2023 டிசம்பரில் தன் மஸில் காரான சேலஞ்சரின் தயாரிப்பை நிறுத்தியது. பிறகு மின்சார சார்ஜர் டேட்டோனா வந்தது. 1968 சார்ஜரின் முகம், மூக்குக்குள்ளேயே காற்று புகுந்து போகும் இறக்கை. அழகு. நான் நேரில் பார்த்து அசந்து நின்றேன். ஸ்கேட் பேக் வகையில் 670 குதிரைத்திறன். தோற்றம் கிடைத்தது, வேகம் கிடைத்தது, எக்ஸாஸ்ட் சத்தத்தைக்கூடச் செயற்கையாக எழுப்பிக் கொடுத்தார்கள். ரசிகர்கள் கேட்டது என்ன? 'ஹெமி எங்கே?' டாட்ஜின் புகழ்பெற்ற வி-8 எஞ்சினின் பெயர் அது. கம்பெனி அதே உடம்பில் மூன்று லிட்டர் இரட்டை டர்போ ஆறு சிலிண்டரை வைத்தது, 550 குதிரைத்திறன் வரை. அப்போதும் அதே கேள்வி. 2025-இல் ராம் பிக்கப் டிரக்குக்கு ஹெமி வி-8 திரும்பி வருகிறது என்று அறிவித்ததும், கார் ரசிகர்கள் டிரக்கைக் கொண்டாடிவிட்டு உடனே சார்ஜருக்கு எப்போது என்றார்கள். வடிவத்தில் குறையே இல்லாத ஒரு கார் வந்த பிறகும் ஓயாத ஏக்கம் எதற்கான ஏக்கம் என்பதை நடுவர் அவர்களின் முடிவுக்கே விடுகிறேன்.

வரப்போகும் மஸ்டாங்கிடம் நாங்கள் எதிர்பார்ப்பதைச் சொல்லிவிடுகிறேன். இன்றைக்கு மஸ்டாங் ஜிடியில் 480 குதிரைத்திறன், அதற்கு மேல் வகையான டார்க் ஹார்ஸில் 500. அந்த இடைவெளி ரசிகனுக்குப் போதாது. 815 குதிரைத்திறன் கொண்ட ஜிடிடி இருக்கிறது, ஆனால் அதன் விலை மூன்று லட்சம் டாலருக்கு மேல். இந்த மண்டபத்தில் உழைத்துச் சம்பாதிக்கிற நாம் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடலாம். நமக்கு வேண்டியது நடுவில் ஒன்று. டர்போவும் சூப்பர்சார்ஜரும் இல்லாமல் தானாக மூச்சு விடும் வி-8. எட்டாயிரம் சுற்றைத் தொட வேண்டும். மேனுவல் கியர் கட்டாயம். அதற்கு பாஸ் என்று பெயர் வைத்தால் மகிழ்ச்சி, வைக்காவிட்டாலும் வாங்குவோம்.

கோடு வேண்டும் என்பவருக்கு ஊரில் ஸ்டிக்கர் கடை இருக்கிறது. ஒரு மதியத்தில் ஒட்டித் தருவார்கள், பிடிக்கவில்லை என்றால் உரித்தும் தருவார்கள். ஒரு கிராங்க்‌ஷாஃப்ட்டை வடிவமைத்து, வார்த்து, சோதித்து, உத்தரவாதத்தோடு காருக்குள் வைத்துத் தரக் கம்பெனியால் மட்டும்தான் முடியும். அவர்களால் மட்டும் முடிந்ததை அவர்களிடம் கேட்கிறோம்.

நடுவர் அவர்கள் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், என் நேரம் முடிந்தது. தீர்ப்பை எங்கள் அணிக்குத் தர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.