நாய்க்கு உண்டு, டிராகனுக்கு இல்லை

நடுவர் அவர்களுக்கும், கடற்கரைச் சாலைக் காற்றை விட்டுவிட்டு இந்தப் புதுச்சேரி அரங்கில் வந்து உட்கார்ந்திருக்கும் உங்களுக்கும் வணக்கம். மேஜிக் அட்டை விளையாட்டில் ஓர் உயிரினத்துக்கு லெஜண்டரி பட்டம் எதற்காகத் தர வேண்டும், வலிமைக்கா, கதைக்கா? கதைக்கே என்பது எங்கள் அணி.

எதிரணித் தலைவர் ஷிவன் டிராகனைத் தூக்கிப் பிடித்தார். (நம் சிவன் இல்லை, ஷிவ் என்பது அந்தக் கதையுலகத்தில் ஓர் எரிமலை நாடு.) 1993-இல் வந்த முதல் தொகுப்பிலேயே இருக்கும் அட்டை. ஐந்துக்கு ஐந்து, அதாவது தாக்கும் பலம் ஐந்து, தாங்கும் பலம் ஐந்து. பறக்கும், சிவப்பு மானா (அட்டைகளை இயக்கச் செலவழிக்கும் மந்திர சக்தி) கொட்டக் கொட்டப் பலம் ஏறும். இதற்கே பட்டம் இல்லையா என்று கேட்டார். ஐயா, அந்தப் பெயரை இன்னொரு முறை படியுங்கள். அது ஊர்ப்பெயர். தேவனாம்பட்டினத்தில் போய் நின்று "கடலூர் மீனவரே" என்று கூப்பிட்டால் யார் திரும்புவார்? கரையே திரும்பும். ஷிவன் டிராகனும் அப்படித்தான். ஆடக் கொண்டுவரும் அட்டைக்கட்டில் நான்கு வைக்கலாம், நான்கும் ஒன்றாகக் களத்தில் பறக்கலாம்.

லெஜண்டரி அப்படி இல்லை. 1994-இல் லெஜண்ட்ஸ் தொகுப்பில் இந்தப் பட்டம் வந்தபோது, யார் இறக்கினாலும் மேசையில் அந்தப் பெயரில் ஒருவர்தான் நிற்க முடியும். 2013-க்குப் பிறகு ஆளுக்கு ஒன்று என்று தளர்த்தினார்கள். அப்போதும் ஒருவரிடமே இரண்டு வந்தால் ஒன்றை விட்டாக வேண்டும். விதி பலத்தைப் பற்றிப் பேசவே இல்லை. இன்னொருவர் இருக்க முடியாத ஒருவரைப் பற்றித்தான் பேசுகிறது.

இதோ, அண்ணன் மகனிடம் கெஞ்சி வாங்கி வந்த அட்டை. உறையின் ஓரம் கசங்கியிருக்கிறது. மேலே விலையாக ஒரே ஒரு வெள்ளை மானா. கீழ் மூலையில் இரண்டுக்கு இரண்டு. பறக்கும், பலம் ஏறும் என்பது போல் திறமை என்று ஒரு வரி கிடையாது. ஆனால் நடுவில் பாருங்கள்: லெஜண்டரி, நாய். 2004-இல் காமிகாவா தொகுப்பில் வந்த இசமாரு. கோண்டா என்ற பிரபுவின் நாய். ஆறுக்கு ஆறு டைனோசர் ஒன்று எளிதில் கிடைக்கும் காமன் வகை அட்டையாகக் கட்டுக்கட்டாகக் கிடைக்கிறது, அதற்குப் பட்டம் இல்லை. நாய்கள் ஆயிரம் இருக்கட்டும், இசமாரு ஒன்றுதான்.

நம் ஊரிலேயே பார்க்கலாமே. பாரதி பூங்கா நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அந்த ஆயி யார்? ராணி இல்லை, படை நடத்தவில்லை. விளக்கொளியில் மின்னிய தாசி வீட்டைக் கோயில் என்று நினைத்து அரசர் கும்பிட்டுவிட்டாராம். உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொன்னாராம். அந்த அம்மா தானே இடித்து, அதே இடத்தில் குளம் வெட்டினார் என்பது கதை. பிற்பாடு அந்தப் பக்கத்துத் தண்ணீர் நகரத்துக்கு வந்தபோது, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவர் நினைவாக மண்டபமே எழுந்தது. குளம் வெட்டியவர்கள் எத்தனையோ பேர். ஆயி ஒருவர்தான்.

எதிரணித் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. 1994-இன் ஜாஸ்மின் போரியல் நான்குக்கு ஐந்து, திறமையும் இல்லை, சொல்லும்படி கதையும் இல்லை, பிறகு எதற்குப் பட்டம் என்றார். ஒத்துக்கொள்கிறேன், அன்று கொடுத்தது அவசரப் பட்டம். பெயர் மட்டும் போதாது. ஆனால் 2022-இல் அவரை மறுபடி அட்டையாக்கியபோது என்ன எழுதினார்கள் தெரியுமா? உங்கள் பக்கத்தில் திறமை இல்லாத உயிரினங்களை, திறமை உள்ளவை தடுக்க முடியாது. 28 வருடம் காலியாகக் கிடந்த, திறமை எழுத வேண்டிய அந்தப் பெட்டியே அவருக்குக் கதையாகிவிட்டது! எனக்கு இந்த விளையாட்டில் மிகப் பிடித்த இடம் இது.

தலைமை ஏற்பவர் பலசாலியாக வேண்டாமா என்றும் கேட்டார்கள். கமாண்டர் என்று மேஜிக்கிலேயே ஒரு வகை ஆட்டம், அதில் 100 அட்டைக்குத் தலைமை பொதுவாக ஒரு லெஜண்டரி உயிரினம்தான். அங்கே நோரின் என்று ஒருவர் இருக்கிறார், இரண்டுக்கு ஒன்று. யாராவது மந்திரம் போட்டாலே, எதுவாவது தாக்க வந்தாலே களத்தை விட்டு ஓடிவிடுவார். சுற்று முடியும் நேரத்தில் திரும்பி வருவார். அவர் வரும் ஒவ்வொரு முறையும் பலன் தரும் அட்டைகளைச் சுற்றி அடுக்கி, அந்தப் பயந்தவரைத் தலைவராக்கி ஆசையாக ஆடுகிறார்கள்.

நடுவர் அவர்களே, இசமாருவை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். தீர்ப்பு முடிந்ததும் திருப்பித் தந்துவிடுங்கள், நாளை ஆட்டத்துக்குப் பையன் கேட்பான். நன்றி, வணக்கம்.