ஊசி பையன் கைக்கும் போகட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சாப்பாட்டு நேரம் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தையல் தேவையா, தேவையில்லாத சுமையா? தேவைதான் என்று பேச வந்திருக்கிறேன். சுமைதான் என்று எனக்கு முன்னால் பேசிய அம்மா மூன்று குற்றச்சாட்டுகளை வைத்துவிட்டுப் போனார். சின்னப் பிள்ளை கையில் ஊசி ஆபத்து என்றார். கணக்குக்கும் ஆங்கிலத்துக்குமே நேரம் போதவில்லை என்றார். மூன்றாவதற்குத்தான் அரங்கம் கைதட்டியது: "பெண் பிள்ளையை மறுபடியும் ஊசியும் நூலுமாக மூலையில் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள். 1953-இல் வந்து அடுத்த வருடமே விரட்டப்பட்ட குலக்கல்வியைக் கொல்லைப்புறம் வழியாகக் கூட்டி வருகிறீர்கள்."

முதல் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மூன்றாவதற்குத்தான் எனக்கு நேரம் வேண்டும்.

நாலு வயதுப் பிள்ளைக்கு யாரும் ஊசி தரச் சொல்லவில்லை. வீட்டில் குவிந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுங்கள். யானையாகவோ மாம்பழமாகவோ வெட்டி, ஓரம் சுற்றிலும் பஞ்ச் மெஷினால் ஓட்டை போட்டு, ஒரு ஷூ லேஸைக் கையில் கொடுங்கள். மேலே விட்டுக் கீழே இழுப்பதுதான் பாடம். ஐந்தாறு வயதில் சாக்குத் துணி, உல்லன் நூல், முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஊசி. சாக்கின் இழைகளுக்கு நடுவே இடைவெளி இருப்பதால் அழுத்திக் குத்தவே வேண்டியதில்லை. ஏழெட்டு வயதில்தான் நிஜ ஊசி, காடாத் துணி. அப்போதும் நூல் பிள்ளையின் முழத்துக்கு ஒரு முழம் போதும். நீளமாகக் கோத்தால் இழுக்க இழுக்கச் சிக்கு விழும்; வீசி இழுக்கும் கை பக்கத்துப் பிள்ளையின் முகத்துக்குப் போகும். எண்ணிக் கொடுத்த ஊசியை எண்ணி வாங்க வேண்டும், ஒன்று குறைந்தால் காந்தத்தை எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆறாம் வகுப்பில் இரண்டு முனையும் கூரான டிவைடரை ஜியோமெட்ரி பாக்ஸில் வைத்து நாம்தானே வாங்கித் தருகிறோம்? அதற்காக யாரும் தூக்கம் கெட்டுப் பார்த்ததில்லை.

இதெல்லாம் எங்கள் அணியின் கண்டுபிடிப்பும் இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் கிண்டர்கார்டனைத் தொடங்கிய ஃப்ரோபெல், அட்டையில் துளையிட்டு நூல் கோப்பதைப் பிள்ளைகளின் வேலைகளில் ஒன்றாக வைத்தார். மரியா மாண்டிசோரி, பட்டன் மாட்டவும் நாடா கட்டவும் பழக மரச்சட்டங்கள் செய்தார். 1939-இல் அவர் நம் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றைக்குத் தெருவுக்குத் தெரு மாண்டிசோரி பெயர்ப்பலகை தொங்குகிறது. பலகையோடு அந்தச் சட்டமும் வந்ததா என்று அட்மிஷன் போடும்போது கேட்டுப் பாருங்கள்.

அப்புறம், நேரம் இல்லை என்ற பேச்சு. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அறுவை சிகிச்சைக் கல்விப் பேராசிரியரான ரோஜர் நீபோன் 2018-இல் ஒரு கவலையை வெளியில் சொன்னார். மருத்துவம் படிக்க வரும் மாணவர்கள் மதிப்பெண்ணில் சோடை இல்லையாம். வெட்டவும் தைக்கவும்தான் கை வரவில்லையாம். 'என் பிள்ளை டாக்டர் ஆகணும், தையல் எதற்கு?' என்று கேட்கும் பெற்றோர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கணக்குப் பாடம் கெடும் என்பதற்கும் நீலகிரியில் பதில் இருக்கிறது. தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் பூவேலை செய்கிறார்கள். துணியில் கோடு வரைவதில்லை. இழையை எண்ணி எண்ணித்தான் ஊசி போகிறது. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளையும் சாக்குத் துணியில் இரண்டு இழை மேலே, இரண்டு இழை கீழே என்று ஓட்டுத் தையல் போடட்டும். அடுத்த வரிசையை மாற்றிப் போட்டால் ஒரு வடிவம் வரும். எண்ணிக்கை தப்பினால் டீச்சர் சொல்ல வேண்டாம், துணியே காட்டிவிடும். பிரித்துவிட்டு மறுபடி போடலாம். நோட்டில் சிவப்பு மையில் விழுந்த சுழி அப்படிப் போவதில்லை.

சரி, கைதட்டல் வாங்கிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அம்மா சொன்ன நோய் உண்மை. பட்டன் அறுந்தால் அண்ணன் சட்டையைக் கழற்றித் தங்கச்சியிடம் வீசுகிறான். அதே சட்டையை முதலில் தைத்தது யார்? தெருமுனை டெய்லர். காஜா எடுக்கும், அதாவது பட்டன் மாட்டும் துளையைச் சுற்றித் தைக்கும் பையனாகக் கடையில் சேர்ந்து கட்டிங் மாஸ்டர் ஆன ஆண்பிள்ளை. கலர் துணியை வெட்டி ஒட்டித் தைத்து, தேரில் அலங்காரமாகத் தொங்கும் தொம்பை செய்யும் கலைஞர்களிலும் ஆண்கள் உண்டு. ஆக, கூலி வந்தால் ஊசி ஆணுக்கு அவமானம் இல்லை. கூலி இல்லாத பட்டன் என்றால்தான் அது பெண் வேலை ஆகிவிடுகிறது.

புறநானூற்றில் 82-ஆவது பாட்டு, சாத்தந்தையார் பாடியது. ஊரில் திருவிழா. வீட்டில் மனைவிக்குப் பிரசவ நேரம். மழை பெய்கிறது, பொழுதும் சாய்கிறது. அதற்குள் ஒருவன் கட்டிலைப் பின்னி முடிக்க வேண்டும். வாரைக் கோத்து இழுக்கும் அவன் கை ஊசியின் வேகம்தான் அரசனுடைய போரின் வேகம் என்கிறார் புலவர். ஆனால் அவனைக் குறிக்க அந்தப் பாட்டில் இருக்கும் சொல்லை இந்த மேடையில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேலையை மெச்சிக்கொண்டே ஆளைத் தாழ்த்துவது அவ்வளவு பழைய பழக்கம். அம்மா பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் குலக்கல்வி என்ன செய்தது? ராஜாஜியின் திட்டம் பள்ளி நேரத்தை மூன்று மணியாகச் சுருக்கியது; மீதி நேரத்தில் பிள்ளை வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. குயவர் பிள்ளை சக்கரத்துக்கு, சலவைத் தொழிலாளி பிள்ளை துறைக்கு. தமிழ்நாடு கொதித்தது. 1954-இல் காமராசர் முதல்வரானதும் அது போய்ச் சேர்ந்தது, நல்லதே. நாங்கள் கேட்பது அதற்கு நேர் தலைகீழ். ஒரு பிள்ளையையும் வெளியே அனுப்பவில்லை. வகுப்புக்குள்ளேயே, கலெக்டர் மகனுக்கும் சலவைத் தொழிலாளி மகளுக்கும் ஒரே சாக்குத் துணி, ஒரே மாதிரி ஊசி. அப்பன் தொழிலைக் கற்றுத்தரச் சொல்லவில்லை. எல்லார் சட்டையிலும் இருக்கும் பட்டனைத் தைக்கச் சொல்லித்தரச் சொல்கிறோம்.

அம்மா, வீட்டில் விட்டால் ஊசி தங்கச்சி கைக்கு மட்டும்தான் போகும் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் அண்ணன் கையில் அதைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? அங்கேயும் வேண்டாம் என்றால், நீங்கள் எதிர்க்கும் வழக்கத்துக்கு நீங்களே காவல் நிற்கிறீர்கள்.

நம் நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் தையல் ஆசிரியைகள் உண்டு. நடந்தது என்ன? பெண் பிள்ளைகள் ஹெம்மிங் போட்டார்கள், பையன்கள் மைதானத்துக்கு ஓடினார்கள். பரீட்சை நெருங்கினால் அந்தப் பீரியடையும் கணக்கு சார் கடன் வாங்குவார். திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் கீழ் வகுப்பிலேயே தொடங்கச் சொல்கிறோம். ஏழு வயதுப் பையனுக்கு இது பெண் வேலை என்று இன்னும் முழுசாகத் தெரியாது. தெரிவதற்குள் கற்றுக்கொள்வான்.

பையன் பூப்போட்ட கைக்குட்டையா தைப்பான் என்று சிரித்தார்கள். வேண்டாம். கோலிக்குண்டு போட்டு வைக்கச் சுருக்குப் பை தைக்கட்டும்: இரண்டு துண்டுத் துணி, மூன்று பக்கம் பின் தையல் (ஒவ்வொரு தடவையும் ஊசி ஒரு எட்டு பின்னால் போய் முன்னால் வருவது), வாயில் மடிப்பு, அதற்குள் ஒரு நாடா. ஜோடி தொலைந்த சாக்ஸில் கைப்பாவை செய்யட்டும், கண்ணுக்கு இரண்டு பட்டன். பிறகு சட்டைப் பட்டன். அதன் மேல் ஒரு தீக்குச்சியை வைத்து, குச்சிக்கு மேலாக நூலை ஓட்டி, குச்சியை உருவிவிட்டுப் பட்டனைத் தூக்கி, அடியில் நூலைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். ஒட்டத் தைத்தால் காஜாவில் மாட்டாது. இந்தச் சூட்சுமம் இந்த அரங்கில் எத்தனை ஆண்களுக்குத் தெரியும்? கை தூக்க வேண்டாம், பரவாயில்லை.

செலவும் பெரிதாக இல்லை. டெய்லர் கடையில் கேட்டால் வெட்டுத் துண்டு ஒரு பை நிறையக் கிடைக்கும். திருப்பூர்க்காரர்கள் பனியன் துணி தருவார்கள், ஆனால் அது இழுபடும், சின்னக் கைக்கு ஒத்துவராது. பொம்மைக்கு உள்ளே அடைத்துக்கொள்ளலாம்.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். நாங்கள் கேட்பது மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை வாரம் ஒரு பீரியட். மார்க் வேண்டாம், மார்க் வைத்தால் இராத்திரியோடு இராத்திரியாக அம்மாக்களே தைத்து அனுப்பிவிடுவார்கள். வாரம் ஒன்று அதிகம் என்று பட்டால் மாதம் இரண்டாகக் குறைத்துத் தீர்ப்பு சொல்லுங்கள், சண்டைக்கு வர மாட்டோம். பையன்களுக்கு விலக்கு என்று ஒரு வரி சேர்ப்பதாக இருந்தால் மட்டும், எங்கள் அணி தோற்றது என்றே எழுதிக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.