நங்கூரம் பற்றிய பறவை

அவையோருக்கு வணக்கம்.

கரிய உடல், சிவந்த அலகு, சிவந்த கால்கள். தங்க நிற நங்கூரம் ஒன்றைச் சரிவாகப் பற்றி நிற்கும் பறவை. பிரிட்டிஷ் கடற்படையின் ‘ஹூட்’ போர்க்கப்பலுக்கு இதுதான் இலச்சினை. இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரைப் பாறைகளோடு பேர்பெற்ற, காக்கைக்கு உறவான பறவை அது. 18ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற தளபதி சாமுவேல் ஹூட்டின் குலச்சின்னத்திலிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள்.

தலைமுறை தலைமுறையாகக் கடற்படைக்கு ஆள் கொடுத்த குடும்பம் அது. அதே பெயருடைய உறவினர் இன்னொருவர், கிழக்கிந்தியக் கடற்பகுதியின் தளபதியாக இருந்தபோது, 1814 டிசம்பரில் நம் சென்னையில்தான் காலமானார். 1918 ஆகஸ்டில் இந்தக் கப்பலை நீரில் இறக்கி வைத்தவரோ, முதல் உலகப் போரின் ஜட்லாந்துக் கடற்போரில் மாண்ட ஹொரேஸ் ஹூட்டின் மனைவி.

பறவையோடு 1859 என்றும் பொறித்திருக்கிறார்கள். அந்தப் பெயர் தாங்கிய முதல் கப்பல் நீரில் இறங்கிய ஆண்டு அது. மூத்த கப்பலுக்குச் செய்த மரியாதை என்றே நான் கொள்கிறேன்.

1918க்கு முன்பெல்லாம் கப்பல் இலச்சினைகளுக்கென்று ஒழுங்கு கிடையாது. கப்பல் தலைவருக்குப் பிடித்ததே சின்னம். லண்டன் டவர் கோட்டையின் படைக்கலச் சாலையின் பொறுப்பாளரான சார்லஸ் ஃபோக்ஸ், ‘டவர்’ என்ற நாசகாரிக் கப்பலுக்கு ஓர் இலச்சினை வரைந்து கொடுத்தார். அங்கே தொடங்கிய வேலை வளர்ந்து, 1918 டிசம்பரில் ஒரு குழுவே அமைந்தது. பெருங்கப்பலுக்கு வட்டம், குரூசர் என்ற நடுத்தரப் போர்க்கப்பலுக்கு ஐங்கோணம், நாசகாரிக்குக் கேடயம், ஏனையவற்றுக்குச் சாய்சதுரம் என்று வடிவங்களும் வகுக்கப்பட்டன. இன்று எல்லாப் போர்க்கப்பல்களுக்கும் வட்டம்தான். ஒரே பெயர் இன்று குரூசருக்கும் நாளை நாசகாரிக்கும் போகிற கடற்படையில் அதுவே பொருத்தம்.

என் மனத்தை மிகவும் தொடுவது வேறொன்று. ஹூட் 40,000 டன்னுக்கு மேற்பட்ட எஃகுக் கப்பல். எண்ணெய் எரித்து, நீராவியால் ஓடியது. அதன் இலச்சினையில் எஃகும் இல்லை, நீராவியும் இல்லை. சுற்றிலும் முறுக்கிய கயிறு. உச்சியில் கடற்படை மகுடம். அதில் பாய்மரத் துணிகளும் கப்பல்களின் பின்புறங்களும் மாறி மாறி வருகின்றன. குடும்பத்தின் லத்தீன் வாசகமும் சாதகமான காற்றையே வேண்டுகிறது. பாய்மரக் காலத்தை விட்டுக்கொடுக்க மாலுமிகளுக்கு மனம் வரவில்லை. அந்தப் பிடிவாதத்தை நான் வணங்குகிறேன்.

1941 மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் ஜெர்மனியின் ‘பிஸ்மார்க்’ போர்க்கப்பல் சுட்டதில் ஹூட் மூழ்கியது. கப்பலில் இருந்த 1,418 பேரில் பிழைத்தவர்கள் மூவர். மாண்டவர்களின் நினைவைப் போற்றும் ஹூட் சங்கம் இன்றும் அந்தப் பறவையைத்தான் தன் சின்னமாக வைத்திருக்கிறது.