பிட்காயினுக்கு லேயர் ஜீரோ உண்டா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

நேயர் ஒருவர் அனுப்பிய கேள்வியை அப்படியே படிக்கிறேன். "லேயர் ஒன்று என்றால் பிட்காயின், எத்தீரியம் மாதிரியான செயின்கள். லேயர் இரண்டு என்றால் அவற்றின் மேல் ஓடுபவை. அதுவரை புரிகிறது. லேயர் ஜீரோ என்கிறார்களே, அது என்ன? போல்காடாட்டையும் காஸ்மாஸையும் அப்படிச் சொல்கிறார்கள். அப்படியானால் பிட்காயினுக்கு லேயர் ஜீரோ கிடையாதா? அது அந்தரத்திலா நிற்கிறது?"

கடைசி வரியில் உள்ள குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது. குழப்பம் எங்கே என்று அதுவே சரியாகக் காட்டிவிடுகிறது. லேயர் ஜீரோ என்ற சொல்லை இரண்டு தரப்பினர் இரண்டு பொருளில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் பொருளில் அது ஒரு பிளாக்செயின் (பரிவர்த்தனைகளை பிளாக் பிளாக்காகத் தொடுத்து, பல கம்ப்யூட்டர்கள் சேர்ந்து வைத்திருக்கும் கணக்குப் பதிவு) எதன் மேல் ஓடுகிறதோ அதெல்லாம்: கம்ப்யூட்டர்கள், ஹார்டு டிஸ்க், மின்சாரம், கேபிள், அந்தக் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று தேடிப் பிடித்துப் பேசும் முறை. இந்தப் பொருளில், 2009 ஜனவரி 3ஆம் தேதி பிட்காயினின் முதல் பிளாக் உருவானபோதே லேயர் ஜீரோ அதன் காலடியில் இருந்தது. இரண்டாவது பொருளில் அது ஒரு தயாரிப்பு: பல செயின்களைக் கட்டுவதற்கும் இணைப்பதற்கும் யாரோ போட்டுத் தரும் பொது அஸ்திவாரம். நீங்கள் சொல்லும் போல்காடாட், காஸ்மாஸ் எல்லாம் இந்த வகை.

நான் முதல் பொருளில்தான் அதிக நேரம் நிற்கப் போகிறேன். இரண்டாவதைப் பற்றி விளம்பரங்களே போதுமான அளவு பேசுகின்றன.

பிட்காயின் மென்பொருளை இன்று முதன்முறையாக உங்கள் கம்ப்யூட்டரில் நிறுவி இயக்குகிறீர்கள் என்று வையுங்கள். இப்படி அந்த மென்பொருள் ஓடும் கம்ப்யூட்டரை நோட் (node) என்பார்கள். அந்த நோட்டுக்கு உலகத்தில் யாரையும் தெரியாது. போய் விசாரிக்கத் தலைமை அலுவலகம் என்று ஒன்றும் இல்லை. பிறகு எப்படி மற்ற நோட்களைக் கண்டுபிடிக்கிறது? மென்பொருளுக்குள்ளேயே சில இணையப் பெயர்களை எழுதி வைத்திருக்கிறார்கள். டிஎன்எஸ் சீட் என்று பெயர். அந்தத் திட்டத்தோடு நெடுநாள் தொடர்புள்ள சிலர் அவற்றை நடத்துகிறார்கள். அவற்றிடம் கேட்டால், இப்போது இயங்கிக்கொண்டிருக்கும் சில நோட்களின் ஐபி முகவரிகள் கிடைக்கும். அதுவும் கிடைக்காவிட்டால் மென்பொருளோடு கூடவே வரும் ஒரு முகவரிப் பட்டியல் இருக்கிறது. ஆரம்ப ஆண்டுகளில் இதற்கு ஐஆர்சி அரட்டை அறையைப் பயன்படுத்தினார்கள் என்றால் நம்புவீர்களா? நோட் போய் அரட்டை அறைக்குள் நுழையும், அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கும், அவர்களோடு இணைந்துகொள்ளும்.

யாரையும் நம்ப வேண்டாம் என்று சொல்லும் வலைப்பின்னல், முதல் அறிமுகத்துக்கு மட்டும் ஒரு சின்னப் பெயர்ப் பட்டியலை நம்புகிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வேறு வழி கிடையாது. ஒருவரைப் பிடித்துவிட்டால் போதும், "உனக்குத் தெரிந்தவர்கள் யார்?" என்று அவரிடமே கேட்டு முகவரிகளைச் சேர்த்து ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். அடுத்த முறை பெரும்பாலும் அந்தக் கோப்பே போதும்.

பிறகு அது தானாகவே வெளியே 8 முழு இணைப்புகளை ஏற்படுத்திக்கொள்கிறது. பிளாக்குகளை மட்டும் வாங்கிக்கொள்ள இன்னும் 2. இந்த இணைப்புகளைக் கண்ணை மூடிக்கொண்டு பொறுக்குவதில்லை. ஒரே ஐபி வரிசையிலிருந்து இரண்டை எடுக்காமல் தள்ளித் தள்ளித் தேர்வு செய்கிறது. காரணம் இருக்கிறது. உங்கள் இணைப்புகள் அத்தனையும் ஒரே ஆசாமியின் கையில் சிக்கினால், அவர் காட்டுவதுதான் உங்களுக்கு பிளாக்செயின். கணக்கு வழக்கில் ஒரு பிழையும் இருக்காது, கிரிப்டோகிராபி முழுவதும் சரியாகவே இருக்கும், ஆனால் வெளியுலகம் உங்களுக்கு மறைக்கப்பட்டிருக்கும். கிரகணத் தாக்குதல் என்று இதற்குப் பொருத்தமான பெயர். 2015இல் ஆய்வாளர்கள் சிலர் பிட்காயின் நோட்களை இப்படிச் சுற்றி வளைப்பது எப்படி என்று விரிவாகக் காட்டினார்கள். அதன் பிறகு முகவரிகளைச் சேமிக்கும் முறையைப் பல இடங்களில் இறுக்கினார்கள்.

செய்தி பரவும் விதம் வதந்தி பரவும் விதம்தான். தொழில்நுட்பப் பெயரே காஸிப் என்பதுதான், அதாவது ஊர் வம்பு. ஒரு நோட் தனக்குத் தெரிந்தவர்களிடம், "இந்த அடையாள எண்ணில் ஒரு பரிவர்த்தனை என்னிடம் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும். முழுதையும் கொட்டாது. கேட்பவரிடம் அது இல்லாவிட்டால், "கொடு" என்பார். வாங்கிச் சரிபார்த்துவிட்டுத் தனக்குத் தெரிந்தவர்களிடம் அவர் அதையே சொல்வார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்களே, பிளாக்செயினின் தணிக்கை எதிர்ப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வதெல்லாம் இந்தப் பழமொழிதான். இங்கே கூடுதலாக ஒன்று, பொய்யான செய்தியை வாங்கியவரே சரிபார்த்துக் குப்பையில் போட்டுவிடுவார். ஊர் வம்பில் அந்த வசதி இல்லை.

இன்னும் கீழே போகலாம். கடிகாரம்.

என்னிடம் ஒரு பழைய லேப்டாப்பில் பிட்காயின் நோட் ஓடிக்கொண்டிருந்தது. சில மாதங்கள் அலமாரியில் அணைந்தபடி கிடந்தது. திரும்ப எடுத்து இயக்கினால் நோட் திறக்கவே மறுத்தது. தரவுத்தளத்தில் எதிர்காலத்திலிருந்து வந்ததாகத் தோன்றும் ஒரு பிளாக் இருக்கிறது என்று புகார் சொன்னது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஹார்டு டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து இறக்கலாமா என்று யோசித்தேன். நல்லவேளையாக, அதற்குள் திரையின் மூலையில் இருந்த தேதி கண்ணில் பட்டது. பல ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு ஜனவரி 1. மதர்போர்டில் உள்ள காசு அளவுப் பேட்டரி செத்திருந்தது. தேதி பின்னால் ஓடிவிட்டதால், அந்தக் கம்ப்யூட்டரின் பார்வையில் கையிலிருந்த பிளாக்குகள் எல்லாம் இன்னும் பிறக்கவே இல்லை. பிட்காயினில், தன் கடிகாரத்தைவிட 2 மணி நேரத்துக்கு மேல் முந்திய நேரம் குறிக்கப்பட்ட பிளாக்கை ஒரு நோட் ஏற்பதில்லை என்று விதி. தேதியைத் திருத்தினேன், ஒன்றுமே நடக்காதது மாதிரி ஓடத் தொடங்கியது. இத்தனை கணிதத்துக்கும் அடியில் ஒரு சின்னப் பேட்டரி உட்கார்ந்திருக்கிறது என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

என் லேப்டாப்போடு போனது சின்ன விஷயம். 2013 மார்ச் மாதம் மொத்த பிட்காயினும் இப்படி அடியிலிருந்து ஆட்டம் கண்டது. அப்போது 0.8 என்ற பதிப்பு புதிதாக வந்திருந்தது. அதில் தரவுகளைச் சேமிக்கும் முறையை பெர்க்லி டிபியிலிருந்து லெவல் டிபிக்கு மாற்றியிருந்தார்கள். விதிகளில் எதையும் தொடவில்லை, சேமிக்கும் பெட்டியைத்தான் மாற்றினோம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் பழைய பெட்டியில் ஒரு கட்டுப்பாடு மறைந்திருந்தது. தரவு குழம்பாமல் இருக்க, எழுதும்போது அது பூட்டுகள் போடும்; ஒரே சமயத்தில் இத்தனை பூட்டுகளுக்கு மேல் போட முடியாது என்ற எண்ணிக்கை. ஏராளமான பரிவர்த்தனைகள் கொண்ட ஒரு பிளாக் வந்ததும் பழைய பதிப்புகள் திணறி அதை நிராகரித்தன. புதிய பதிப்புகள் ஏற்றுக்கொண்டன. செயின் இரண்டாகப் பிளந்து, சில மணி நேரம் இரண்டும் தனித்தனியே வளர்ந்தன. கடைசியில் பெரிய மைனிங் குழுக்களை, அதாவது கணக்கிடும் உழைப்பைப் போட்டுப் புதிய பிளாக்குகளை உருவாக்குபவர்களை, நேரடியாகத் தொடர்புகொண்டு பழைய பதிப்புக்குத் திரும்பச் சொல்லித்தான் சரிசெய்தார்கள். புதிய பதிப்பின் பக்கம் வளர்ந்திருந்த 24 பிளாக்குகள் வீணாயின. யாரும் எழுதி வைக்காத, யாருக்கும் தெரியாத ஒரு டேட்டாபேஸ் கட்டுப்பாடு பிட்காயினின் விதியாகவே செயல்பட்டிருக்கிறது. லேயர் ஜீரோ என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தச் சம்பவம்தான்.

கேபிளும் இப்படித்தான். இணையத்தில் எந்தத் தரவு எந்தப் பாதையில் போக வேண்டும் என்பதை பிஜிபி என்ற ஏற்பாடு தீர்மானிக்கிறது. 2014இல் யாரோ அந்தப் பாதையை இடையில் திருப்பி, மைனர்களின் கணக்கிடும் உழைப்பைத் தங்கள் சர்வருக்கு இழுத்துக்கொண்டார்கள். சுமார் 83,000 டாலர் போனது. பிளாக்செயினை யாரும் உடைக்கவில்லை, சாலையில் வழிகாட்டிப் பலகையைத் திருப்பி வைத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது கொஞ்சம் கசப்பான பகுதி. ஒரு செயினில் ஆயிரக்கணக்கான நோட்கள் இருக்கின்றன என்று எண்ணிக்கையைக் காட்டுவார்கள். நான் கேட்பது, அவை யாருடைய கட்டடத்தில் இருக்கின்றன? 2022 நவம்பரில் ஹெட்ஸ்னர் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் தன் சர்வர்களில் ஓடிய, சொலானா என்ற செயினின் வேலிடேட்டர்களை, அதாவது பிளாக்குகளைச் சரிபார்த்து வாக்களிக்கும் கம்ப்யூட்டர்களை, துண்டித்தது. ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஸ்டேக், அதாவது வாக்குரிமைக்குப் பிணையாக வைத்த காயின்கள், அங்கே இருந்தது. இந்த வகைச் செயினில் மூன்றில் ஒரு பங்கு வாக்கு ஒரே நேரத்தில் காணாமல் போனால் செயின் நின்றுவிடும். அந்தக் கோட்டுக்குள் இருந்ததால் அன்று தப்பித்தது. அதற்கு முன்பே, 2020 நவம்பர் 11ஆம் தேதி எத்தீரியத்தில் இன்ஃபூரா நிறுவனத்தின் சேவை தடைபட்டது. அவர்கள் பழைய மென்பொருள் பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்ததால் தவறான கிளையில் போய் நின்றார்கள். எத்தீரியம் நிற்கவில்லை. ஆனால் ஏராளமான வாலட்களும் செயலிகளும் இன்ஃபூரா வழியாகத்தான் செயினைப் பார்த்துக்கொண்டிருந்தன. பயன்படுத்துபவருக்கு எத்தீரியமே நின்ற மாதிரிதான் தெரிந்தது. சில எக்ஸ்சேஞ்சுகள் பணம் எடுப்பதை நிறுத்தி வைத்தன. ஒரு செயின் எவ்வளவு பரவலானது என்று யாராவது சொன்னால், திட்டத்தை விளக்கி அவர்களே எழுதிய வெள்ளை அறிக்கையை நான் திறப்பதில்லை. இந்த அடித்தளத்தைத்தான் பார்ப்பேன்.

சரி, இரண்டாவது பொருளுக்கு வருவோம். புதிதாக ஒரு செயின் கட்ட வேண்டுமென்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும், கூடவே நம்பகமான வேலிடேட்டர்களின் கூட்டத்தையும் ஒவ்வொருவரும் தனியாகத் திரட்ட வேண்டும். அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதுதான் இவர்களுடைய யோசனை. எத்தீரியத்தின் நிறுவனர்களில் ஒருவரான கேவின் வுட் தொடங்கிய போல்காடாட் 2020இல் இயங்கத் தொடங்கியது. அதன் நடுவில் ரிலே செயின் ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாராசெயின்கள் தங்களுக்கென்று காவலர்களை வைத்துக்கொள்வதில்லை. ரிலே செயினின் வேலிடேட்டர்களே எல்லோருக்கும் காவல். காஸ்மாஸ் நேர் எதிர். மென்பொருள் அச்சு ஒன்றைக் கொடுத்துவிடுவார்கள், செயின்கள் தமக்குள் பேச ஐபிசி என்ற மொழியையும் கொடுப்பார்கள். காவலுக்கு ஆள் தேடுவது பொதுவாக அந்தந்தச் செயினின் பாடு.

இந்த வேறுபாடு எவ்வளவு கனமானது என்பது 2022 மே மாதம் டெரா சரிந்தபோது தெரிந்தது. காஸ்மாஸ் அச்சில் செய்த செயின் அது, காவலுக்கு ஸ்டேக்காக வைப்பது அதன் சொந்த லூனா டோக்கன்தான். லூனாவின் விலை பாதாளத்துக்குப் போனதும், யார் வேண்டுமானாலும் சில்லறைக் காசுக்கு டோக்கன்களை அள்ளிச் செயினின் நிர்வாகத்தையே கைப்பற்றலாம் என்ற நிலை வந்தது. மே 12ஆம் தேதி வேலிடேட்டர்கள் செயினையே நிறுத்தினார்கள். தனிக் காவலின் பலவீனம் அது. அதே நேரம், காஸ்மாஸ் குடும்பத்தின் மற்ற செயின்கள் தங்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டுதான் இருந்தன. ஒரு வீட்டில் பற்றிய தீ அடுத்த வீட்டுக்கு ஏறவில்லை. எது மேல் என்று என்னைக் கேட்டால், சிறிய திட்டத்துக்குப் பகிர்ந்த காவல்தான் மேல் என்பேன். மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆக, உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: பிட்காயின் அந்தரத்தில் நிற்கவில்லை. போல்காடாட்டும் காஸ்மாஸும் நான் முதலில் சொன்ன அதே கேபிள், கடிகாரம், டிஸ்க் மேல்தான் நிற்கின்றன. அந்த வகையில் அவையும் பூஜ்யத்துக்கு ஒரு படி மேலே இருப்பவைதான்.

இதைக் கண்ணால் பார்க்க விரும்பினால், ஒரு பிட்காயின் நோட்டை நிறுவுங்கள். இடம் குறைவு என்றால் பழைய பிளாக்குகளைக் கழித்துவிடும் புரூனிங் வசதி இருக்கிறது. ஓடத் தொடங்கியதும், இணைந்திருக்கும் நோட்களின் பட்டியலைக் காட்டும் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு பத்து நிமிடம் சும்மா உட்காருங்கள். ஒவ்வொன்றாக முகவரிகள் வந்து சேர்வதையும், சில விலகிப் போவதையும் பார்க்கலாம். பட்டியல் காலியாகவே இருந்தால், முதலில் உங்கள் இன்டர்நெட் இணைப்பைப் பாருங்கள். நோட் திறக்கவே இல்லையென்றால், கம்ப்யூட்டரின் தேதியைப் பாருங்கள்.

அடுத்த கேள்விக்குப் போகலாம்.